குகைக்கு எந்த ரெகுலேட்டர்?

காசிமேட்டில் விசைப்படகின் புரொப்பல்லரில் வலை சுற்றிக்கொண்டால் கத்தியோடு இறங்குகிறவர்களுக்குக் காற்று நின்றுபோவது பெரிய பயமில்லை. தலைக்கு மேல் நாலு மீட்டர் தண்ணீர், அதற்கு மேல் வானம். வாயில் இருப்பதைத் துப்பிவிட்டு, மூச்சை விட்டபடியே மேலே வந்துவிடலாம். தண்ணீர் நிறைந்த குகைக்குள் அந்த வானம் இல்லை. வாசலிலிருந்து 300 மீட்டர் உள்ளே போயிருந்தால், நிமிடத்துக்கு 15 மீட்டர் வேகத்தில் நிதானமாகத் துடுப்படித்து வெளியே வர 20 நிமிடம். வண்டல் கிளம்பி ஒன்றும் தெரியாமல், வாசலிலிருந்து வழிகாட்டக் கட்டிய நூலைத் தடவிக்கொண்டு, ஒருவர் காற்றை இருவர் பகிர்ந்து வந்தால் 40 நிமிடம்கூட ஆகலாம். சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டர் அந்த 40 நிமிடமும் என்ன செய்யும் என்பதுதான் கேள்வி. கடையில் வாயில் வைத்து இழுத்தால் வழுக்கிக்கொண்டு வருகிறதா என்பது அதற்கு ரொம்பப் பின்னால் வரும் கேள்வி.

துறைமுகத்தில் கப்பல் அடியைச் சுரண்டுவது, எண்ணூர், காட்டுப்பள்ளி பக்கம் ஜெட்டி வேலை என்று நீட்டிய கையின் விரல் தெரியாத தண்ணீரில் பழகியவர்களுக்கு அது ஒரு சொத்துதான். 2018-ல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 12 பையன்களையும் அவர்களுடைய பயிற்சியாளரையும் வெளியே எடுத்தபோது தண்ணீர் அப்படித்தான் இருந்தது. ஆனால் கலங்கல் தண்ணீர் அனுபவம் குகைப் பயிற்சிக்கு ஈடாகாது. கேவர்ன், இன்ட்ரோ, ஃபுல் கேவ் என்று படிப்படியாகப் போகும் வகுப்பை முடித்தவர்களுக்கும், சேரப் பணம் சேர்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும்தான் இந்தப் பதிவு.

குகை என்றால் பெரும்பாலோர் போவது மெக்சிகோவின் யுகடான் அல்லது அமெரிக்காவின் ஃப்ளோரிடா. யுகடானில் தண்ணீர் 25 டிகிரியை ஒட்டி இருக்கும், ஃப்ளோரிடா ஊற்றுகளில் 20 முதல் 22. ஆகவே ரெகுலேட்டர் உறைந்துபோவது அங்கே முதல் கவலை இல்லை. மேற்கூரையில் இடிப்பது, வண்டல் உள்ளே புகுவது, சுண்ணாம்புப் பாறையில் ஹோஸ் உரசுவது, இவைதான் முதல் கவலை. பிரான்ஸின் லோட் பகுதிக் குகைகளில் 13, 14 டிகிரி. அங்கே போகிறவர்கள் குளிருக்கும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

எப்படிக் கெடும் என்று முதலில் பாருங்கள்

ரெகுலேட்டர் இரண்டு கட்டமாக வேலை செய்கிறது. சிலிண்டர் வால்வில் மாட்டும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், 200 பாரை, சுற்றியுள்ள தண்ணீர் அழுத்தத்தைவிட 9 முதல் 10 பார் அதிகமான அளவுக்கு இறக்குகிறது. இதற்கு இடை அழுத்தம் என்று பெயர், டெக்னீஷியன்கள் ஐ.பி. என்பார்கள். வாயில் இருக்கும் செகண்ட் ஸ்டேஜ் அதை நீங்கள் இருக்கும் ஆழத்தின் அழுத்தத்துக்கு இறக்குகிறது. பெரும்பாலான செகண்ட் ஸ்டேஜ்கள் டவுன்ஸ்ட்ரீம் வகை. காற்று வரும் திசையிலேயே வால்வு திறக்கும்; அழுத்தம் மீறினால் தானாகத் திறந்து கொட்டும். அதனால் ரெகுலேட்டர் கெடுவது என்றால் பத்தில் ஒன்பது தடவை காற்று வராமல் போவதல்ல, நிற்காமல் வருவதுதான். கடலில் இது நல்ல செய்தி. கொட்டுகிற காற்றை உதட்டால் உறிஞ்சிக்கொண்டே மேலே போய்விடலாம். குகையில் இது நேரக் கணக்கு. முழுதாகத் திறந்து கொட்டும் செகண்ட் ஸ்டேஜ் நிமிடத்துக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல் தள்ளும். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் என்றால் மொத்தமே 2400 லிட்டர்.

“ண்ணா, ஒரு ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், அதுல ரெண்டு மவுத்பீஸ், போதாதா?” என்று கேட்பார்கள். போதாது தம்பி. கொட்டுவது எதுவாக இருந்தாலும் அதை அடைத்துவிட்டு இன்னொன்றில் மூச்சு விட வேண்டும். ஒரே வால்வில் எல்லாம் தொங்கினால் அடைக்கவும் முடியாது, மூச்சு விடவும் முடியாது. ஆகவே இரண்டு வால்வு, இரண்டு ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், இரண்டு செகண்ட் ஸ்டேஜ். இரண்டும் ஒரே மாடல். பணம் பத்தாதென்று முதன்மைக்கு உசத்தி, மாற்றுக்கு மட்டமானது என்று வாங்குவது குகையில் தலைகீழ்க் கணக்கு. மாற்று ரெகுலேட்டரை நீங்கள் வாயில் வைக்கிற நேரம்தான் அந்த நாளின் மிக மோசமான நேரம்.

டின்னா, யோக்கா

ரெகுலேட்டரைச் சிலிண்டர் வால்வில் மாட்ட இரண்டு வழி: டின், யோக். இதில் விவாதமே வேண்டாம், டின். யோக் என்பது வால்வைச் சுற்றிப் பிடித்து ஒரு திருகால் இறுக்கும் கவ்வி. வால்வின் முகத்தில் கசிவை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் ஒன்று உட்கார்ந்திருக்கும், அதை அந்தக் கவ்வி அழுத்திப் பிடித்திருக்கும், அவ்வளவுதான். மேற்கூரைப் பாறையில் ஓர் இடி வாங்கினால் கவ்வி இம்மி நகரும். ஓ-ரிங் பிதுங்கி வெளியே வரும். அதற்குப் பிறகு அந்தச் சிலிண்டர் காலியாகும்வரை சத்தம்தான். டின்னில் ரெகுலேட்டரே வால்வுக்குள் மரை போட்டு இறங்குகிறது. ஓ-ரிங் உலோகத்துக்குள் சிறைப்பட்டிருக்கிறது, பிதுங்க வழியில்லை. 232 பார் வரைக்குமான வால்வில் 5 மரை, 300 பார் வால்வில் 7 மரை. 300 பார் ரெகுலேட்டர் இரண்டிலும் பொருந்தும். 232 பார் ரெகுலேட்டர் 300 பார் வால்வின் அடியைத் தொடாது, அடைக்காது. எனவே வாங்கும்போது நீளமான 300 பார் டின்னாகவே வாங்குங்கள்.

இங்கே பயிற்சிக்குக் கிடைக்கும் சிலிண்டர் பலவற்றில் யோக் வால்வுதான் இருக்கும். சில வால்வுகளில் நடுவில் ஒரு செருகி இருக்கும், ஆலன் கீ போட்டுக் கழற்றினால் அதுவே டின் ஆகிவிடும். முதலில் அதைப் பாருங்கள். செருகி இல்லாத வால்வென்றால் டின்-யோக் அடாப்டர் போட்டுக் கடலில் பழகலாம். அந்த அடாப்டர் குகைக்கு வரக் கூடாது, பையில்கூட வேண்டாம். அவசரத்தில் கைக்கு வந்துவிடும். டின்னுக்குள் இருக்கும் ஓ-ரிங் 112 என்ற அளவு, யோக் வால்வின் முகத்தில் இருப்பது 014. ஒன்றை இன்னொன்றின் இடத்தில் திணித்துப் பார்க்க வேண்டாம்.

பிஸ்டனா, டயஃப்ரமா

இங்கேதான் ஆளுக்கொரு கட்சி. பிஸ்டன் ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் நகரும் பாகம் குறைவு, பாய்ச்சல் அதிகம். ஸ்கூபாப்ரோவின் எம்கே25 இந்த ஜாதி. ஆனால் பிஸ்டனைத் தள்ளும் ஸ்பிரிங் இருக்கும் அறைக்குள் தண்ணீர் நேராகப் போய்வரும். தண்ணீர் போகிற இடத்துக்கு வண்டலும் போகும், உப்பும் போகும். யுகடான் குகைகளில் மேலே நன்னீர், கீழே உப்புநீர்; அவை சேரும் அடுக்கைத் தாண்டிப் போய்வந்தால், நன்னீர்க் குகை என்று நினைத்துக்கொண்டு உப்பை உள்ளே ஏற்றிக்கொண்டிருப்பீர்கள். டயஃப்ரம் வகையில் ரப்பர்த் தகடு ஒன்று தண்ணீரையும் உள் பாகங்களையும் பிரிக்கிறது. அதிலும் சீல் செய்த வகையில் வெளியே இரண்டாவதாக ஒரு டயஃப்ரம் இருக்கும். ஸ்பிரிங்கூட நனையாது. அப்பெக்ஸ் டிஎஸ்4, ஸ்கூபாப்ரோ எம்கே17 எல்லாம் இந்தப் பக்கம்.

எங்கள் ஓட்டு சீல் செய்த, பேலன்ஸ்டு டயஃப்ரத்துக்கு. ஃப்ளோரிடாவில் பிஸ்டனோடு ஆயிரக்கணக்கான டைவ் முடித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு சண்டைக்குப் போகத் தேவையில்லை. ஆனால் பேலன்ஸ்டு என்ற சொல்லில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். பேலன்ஸ்டு இல்லாத ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் சிலிண்டர் காலியாகக் காலியாக இடை அழுத்தமும் மாறும், மூச்சு இழுக்கக் கனக்கும். குகையில் சிலிண்டர் காலியாகும் நேரமும் ஒருவருக்குக் காற்று கொடுக்க வேண்டிய நேரமும் ஒன்றாகத்தான் வரும். 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 4 பார். பதற்றத்தில் ஆளுக்கு நிமிடத்துக்கு 30 லிட்டர் என்று வைத்தால், இருவருக்கும் சேர்த்து 240 லிட்டர். 60 பார் மட்டும் மிச்சமிருக்கும் சிலிண்டரிலிருந்து ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் இதைத் தள்ளித் தர வேண்டும்.

அட்டைப்பெட்டியில் இ.என். 250 என்ற ஐரோப்பியத் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 50 மீட்டர் ஆழ அழுத்தத்தில், நிமிடத்துக்கு 62.5 லிட்டர் மூச்சில், மூச்சு விடும் உழைப்பு லிட்டருக்கு 3 ஜூல் என்ற அளவைத் தாண்டக் கூடாது என்பது அதன் வரம்பு. 2014 பதிப்பில் கூடவே ஆங்கில முதலெழுத்தான ஏ இருந்தால், இருவர் ஒரே நேரத்தில் இழுத்துச் சோதித்தது என்று பொருள். பத்து டிகிரிக்கு மேல் மட்டும் என்ற குறி இருந்தால் பிரான்ஸ் குகைக்கு வேண்டாம். இன்னொன்று: 30 மீட்டரில் காற்றின் அடர்த்தியே லிட்டருக்கு 5.2 கிராமை ஒட்டி வந்துவிடும். பரிந்துரைக்கப்படும் எல்லை 5.2, மீறக் கூடாத எல்லை 6.2. நாற்பது மீட்டரில் காற்றோடு இழுக்கக் கனமாக இருக்கிறதென்றால் அது ரெகுலேட்டரின் குறை இல்லை. ஹீலியம் கலந்தால்தான் சரியாகும்.

எந்த ஹோஸ் எந்த வால்வில்

ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வாங்கும் முன் அதன் துளைகள் எந்தத் திசையைப் பார்க்கின்றன என்று தாளில் வரைந்து பாருங்கள். முதுகில் இரட்டைச் சிலிண்டர், நடுவில் இரண்டையும் இணைக்கும் மேனிஃபோல்ட் குழாய் என்றால், ஹோஸ் எல்லாம் கீழ்நோக்கி இறங்க வேண்டும். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் ஹோஸ் பாறையில் மாட்டும், நூலில் சிக்கும்.

வலது வால்வில் 2.1 மீட்டர் நீள ஹோஸ், அதன் முனையில் நீங்கள் மூச்சு விடும் ரெகுலேட்டர். மிதப்புக்கான காற்றுப் பையான விங்கை ஊதும் இன்ஃப்ளேட்டரும் அதே வலது பக்கம். இடது வால்வில் 55 முதல் 60 செ.மீ. குட்டை ஹோஸ், அதன் முனையில் மாற்று ரெகுலேட்டர், கழுத்தில் எலாஸ்டிக் கயிற்றில் தாடைக்குக் கீழே தொங்கும். பிரஷர் கேஜும் இடது பக்கம். இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் உண்டு. முன்னால் நீந்தும்போது வால்வின் கைப்பிடி மேற்கூரையில் உரசினால் வலது வால்வு திறக்கும் திசையில் சுழலும், இடது வால்வு மூடும் திசையில் சுழலும். அதாவது தெரியாமல் மூடிக்கொள்ளப்போவது இடதுதான். அப்போதும் வாயில் இருப்பதும் விங்கும் வலதில் பத்திரமாக வேலை செய்துகொண்டிருக்கும்.

இடது வால்வு மூடிக்கொண்டது எப்படித் தெரியும்? கேஜின் முள் நகராது. 140 பார் என்று காட்டும், பத்து நிமிடம் கழித்தும் 140. ஹோஸுக்குள் அடைபட்ட அழுத்தத்தை அது காட்டிக்கொண்டே இருக்கும். பரவாயில்லையே, இன்று காற்றைச் சிக்கனமாக இழுக்கிறோம் என்று நினைத்தால் ஆபத்து. கூரையில் எங்கே இடித்தாலும் உடனே கையைப் பின்னால் கொண்டுபோய் இரண்டு வால்வும் திறந்திருக்கிறதா என்று திருகிப் பார்ப்பதும், கழுத்தில் தொங்குவதை ஒரு மூச்சு இழுத்துப் பார்ப்பதும் இதனால்தான்.

2.1 மீட்டர் ஏன்? குறுகலான இடத்தில் இருவர் பக்கம் பக்கமாக வர முடியாது, ஒருவர் பின் ஒருவராகத்தான் வர வேண்டும். காற்று இல்லாதவர் முன்னால் போவார். கொடுப்பது உங்கள் வாயில் இருப்பதை. அது வேலை செய்கிறது என்பதற்கு நீங்கள் உயிரோடு இருப்பதே சான்று.

சிலிண்டர்களை முதுகில் இல்லாமல் உடலின் இரு பக்கமும் மாட்டும் சைட்மவுண்டில் இரண்டு சிலிண்டரும் தனித்தனி. பெரும்பாலோர் வலதில் நீள ஹோஸும் இடதில் குட்டையும் வைத்து, இரண்டையும் மாற்றி மாற்றி இழுத்து அழுத்தத்தைச் சமமாக இறக்குவார்கள். ஒவ்வொன்றிலும் 15 செ.மீ. ஹோஸில் ஒரு கேஜ். இங்கே மட்டும் ஹோஸ் துளைகளோடு சுழலும் தலையான டரட் வைத்த ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் உதவும், அதன் அடியில் இருக்கும் ஐந்தாவது துளையும் உதவும். முதுகுச் சிலிண்டருக்கு டரட் தேவையில்லை. சுழலும் இடம் ஒவ்வொன்றும் தேயும் ஓ-ரிங் ஒன்று, தளரக்கூடிய போல்ட் ஒன்று.

சைட்மவுண்டில் செகண்ட் ஸ்டேஜுக்கு முன்னால் சிறிய மூடு வால்வு வைக்கிற பழக்கம் உண்டு. வைப்பதானால் ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் ஒரு துளையில் அழுத்த விடுவிப்பு வால்வு கட்டாயம். மூடி வைத்த நேரத்தில் இடை அழுத்தம் ஏறினால் வெளியேற வேறு வழியில்லாமல் ஹோஸ் வெடிக்கும். பொசைடனின் ஜெட்ஸ்ட்ரீம் மாதிரி, காற்று வரும் திசைக்கு எதிராக வால்வு திறக்கும் அப்ஸ்ட்ரீம் செகண்ட் ஸ்டேஜுக்கும் இதே விதி. அவர்களுடைய செட்டில் விடுவிப்பு வால்வு கூடவே வரும். அந்த செகண்ட் ஸ்டேஜை வேறு கம்பெனி ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் மாட்டும்போது இதை மறந்துவிடுகிறார்கள்.

ஹோஸில் இரண்டு ஜாதி: ரப்பர், பின்னல் உறை போட்டது. பின்னல் ஹோஸ் லேசு, வளையும், பார்க்கவும் அழகு. ஆனால் அவற்றில் சிலவற்றின் உள்குழாய் பாலியூரித்தேன். சூட்டிலும் ஈரத்திலும் அந்த உள்குழாய் சிதைந்து, துகளாக உதிர்ந்து காற்று வழியை அடைத்ததாக டைவர்களின் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் எச்சரித்திருக்கிறது. மே மாதம் தண்டையார்பேட்டை மொட்டை மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட அறையில் பையைத் தொங்கவிடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். காற்று வராமல் போகிற அந்தப் பத்தில் ஒரு தடவை இப்படித்தான் வரும். நம் ஊருக்கு ரப்பர் போதும். கனம் கூடுதல்தான், தண்ணீருக்குள் யார் எடை போடப்போகிறார்கள்? ஹோஸின் முனையில் பாதுகாப்புக்கென்று போட்ட ரப்பர் உறையை மாதம் ஒருமுறை பின்னால் தள்ளிப் பாருங்கள். விரிசலும் துருவும் அதற்கு அடியில்தான் ஒளிந்திருக்கும். ஐந்து வருடம் ஆன ஹோஸை, பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

கேஜுக்குப் போகும் ஹை பிரஷர் ஹோஸ் வெடித்தால் எல்லாம் போச்சு என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அந்த ஹோஸுக்குக் காற்று போகும் துளை ஊசி முனை அளவுதான், சத்தம் பெரிது, இழப்பு சிறிது. செகண்ட் ஸ்டேஜுக்கும் விங்குக்கும் போகும் லோ பிரஷர் ஹோஸ் கிழிந்தால்தான் சிலிண்டர் கண்ணெதிரே காலியாகும்.

வீட்டிலேயே சோதிக்க

இதற்கு வேண்டியது இன்ஃப்ளேட்டர் ஹோஸில் சொருகும் ஐ.பி. கேஜ் ஒன்று, ஒரு பேசின் தண்ணீர், இரண்டு சிலிண்டர். ஒன்றில் 200 பார், மற்றதில் 40, 50 பார்.

கேஜைச் சொருகிவிட்டு வால்வை மெதுவாகத் திறங்கள். முள் 9.5 பார் பக்கம் போய் நிற்கும். சரியான எண் மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் இருக்கும். இப்போது செகண்ட் ஸ்டேஜின் முன்னால் இருக்கும் பர்ஜ் பட்டனை நாலைந்து முறை தட்டுங்கள். ஒவ்வொரு முறையும் முள் இறங்கி, விட்டதும் வெடுக்கென்று பழைய இடத்துக்கு வந்து பூட்டிக்கொள்ள வேண்டும். வந்து நின்ற பிறகு கண்ணை எடுக்காமல் ஒரு நிமிடம் பாருங்கள். 9.5-ல் நின்ற முள் 9.6, 9.7 என்று ஊர்ந்து, 0.3 பாருக்கு மேல் ஏறினால் உள்ளே ஹை பிரஷர் சீட் தேய்ந்திருக்கிறது, அல்லது அதன் மேல் உப்புத் துகள் உட்கார்ந்திருக்கிறது. அந்த சீட் சுண்டு விரல் நகம் அளவு பிளாஸ்டிக். உலோக விளிம்பு அதில் அழுந்தி அழுந்தி வட்டமாகப் பள்ளம் விழும், பள்ளத்தின் கரை உடைந்தால் காற்று கசியும். விட்டால் இடை அழுத்தம் 11 பாரைத் தாண்டும், செகண்ட் ஸ்டேஜ் தானாகச் சீறத் தொடங்கும். சீறுகிறதே என்று செகண்ட் ஸ்டேஜின் ஸ்பிரிங்கை இறுக்கிக் கொடுக்கிற டெக்னீஷியன்கள் உண்டு. காய்ச்சலுக்குத் தர்மாமீட்டரை உதறி வைக்கிற வைத்தியம் அது. சீட்டை மாற்ற வேண்டும்.

அதே சோதனையை 50 பார் சிலிண்டரிலும் செய்யுங்கள். பேலன்ஸ்டு என்றால் எண் ஏறக்குறைய அதேதான் வர வேண்டும்.

அடுத்தது பேசின். அழுத்தத்தோடு இருக்கும் செகண்ட் ஸ்டேஜை மவுத்பீஸ் வானத்தைப் பார்க்க, முன்மூடி தண்ணீரைப் பார்க்கப் படுக்கையாகப் பிடியுங்கள். சரிசெய்யும் குமிழ் இருந்தால் முழுக்க வெளியே திருகிவிடுங்கள். மெதுவாக, மிக மெதுவாக இறக்குங்கள். மவுத்பீஸுக்குள் தண்ணீர் போகக் கூடாது. தண்ணீர் டயஃப்ரத்தைக் கீழிருந்து அழுத்தும். ஏதோ ஓர் ஆழத்தில் “ஸ்ஸ்” என்று மெல்லிய சத்தம் தொடங்கும். அந்த நேரத்தில் டயஃப்ரம் நீர்மட்டத்துக்கு எத்தனை செ.மீ. கீழே இருக்கிறது என்பதுதான் மூச்சு திறக்கும் அழுத்தம். 2.5 முதல் 3.5 செ.மீ. என்றால் நல்லது. தண்ணீரைத் தொட்டவுடனே சீறினால் ரொம்ப இளக்கம். நுழைவாயில் நீரோட்டத்தை எதிர்த்துப் போகும்போது முகத்தைத் திருப்பினாலே கொட்டும். 5 செ.மீ. தாண்டியும் சத்தமில்லை என்றால் இறுக்கம். திடீரென்று பெரிதாகக் கொட்டத் தொடங்கினால் பயப்பட வேண்டாம், கட்டைவிரலால் மவுத்பீஸை மூடினால் நின்றுவிடும்.

மூன்றாவது சோதனைக்குக் காற்றே வேண்டாம். ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் தூசி மூடியை இறுக்கிவிட்டு, வாயில் வைத்து இழுங்கள். கொஞ்சம் வந்து இறுகி நிற்க வேண்டும். தொடர்ந்து காற்று வந்தால் விட்ட மூச்சு வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வின் ரப்பர் மடிந்திருக்கிறது, டயஃப்ரம் கிழிந்திருக்கிறது, அல்லது மவுத்பீஸைக் கட்டிய பட்டைக்கு அடியில் ஓட்டை. வண்டலில் எக்ஸாஸ்ட் ரப்பருக்குக் கீழே ஒரு மணல் துணுக்கு மாட்டினால் போதும், ஒவ்வொரு மூச்சிலும் தொண்டையில் தண்ணீர். முன்மூடியைக் கருவி இல்லாமல் கையாலேயே கழற்றிக் கழுவக்கூடிய செகண்ட் ஸ்டேஜ் கிடைத்தால் அதற்கு ஒரு மதிப்பெண் கூடப் போடுங்கள்.

நம் ஊரில் வைத்துக் காப்பாற்றுவது

மாடலைத் தீர்மானிப்பதற்கு முன் அதன் சர்வீஸ் கிட் இங்கே வருமா என்று கேளுங்கள். சீட், ஓ-ரிங்குகள், ஃபில்டர் எல்லாம் சேர்ந்த பொட்டலம் அது. வருடத்துக்கு ஒருமுறை அல்லது கையேடு சொல்லும் கணக்கில் மாற்ற வேண்டியது. உலகத்திலேயே சிறந்த ரெகுலேட்டர் கிட்டுக்காக ஆறு மாதம் காத்துக் கிடந்தால், கிட் கிடைக்கிற இரண்டாம் தர மாடல் அதைவிட மேல். மண்ணடி, செம்புதாஸ் தெரு பக்கம் எந்த அளவு ஓ-ரிங்கும் கிடைக்கும். டின் ஓ-ரிங் மாதிரி அசையாத இடத்துக்கு, 112 அளவும் நல்ல நைட்ரைல் ரப்பருமாக இருந்தால் அவசரத்துக்கு ஓடும். உள்ளே நகரும் பாகங்களுக்கும் சீட்டுக்கும் கிட்டைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். லேத்தில் கடைந்து தருகிறேன் என்பவரிடம் வணக்கம் சொல்லிவிட்டு நகருங்கள். 40 சதவீதத்துக்கு மேல் ஆக்ஸிஜன் போகும் ரெகுலேட்டர் என்றால் அதற்கென்று சுத்தம் செய்து, அதற்கான கிரீஸ் மட்டுமே போட வேண்டும். சாதாரண சிலிக்கான் கிரீஸ் அழுத்த ஆக்ஸிஜனில் எரியும்.

கழுவும் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. மீஞ்சூரிலிருந்து கரையோரமாக நிலத்தடி நீரில் கடல் ஏறி வருடங்கள் ஆகின்றன. திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் போர் தண்ணீர் உவர்த்தால் அதில் கழுவுவது உப்பை உப்பால் கழுவுவது. மெட்ரோ வாட்டர் வரும் நாளில் ஒரு டப் பிடித்து வைத்து, தூசி மூடியை உலர்த்தி இறுக்கிப் போட்டு, ஒரு மணி நேரம் ஊற விடுங்கள். முடிந்தால் சிலிண்டரில் மாட்டி அழுத்தத்தோடு ஊற வைப்பது இன்னும் நல்லது. அழுத்தம் இல்லாமல் ஊறும்போது பர்ஜை அமுக்கினால் தண்ணீர் ஹோஸ் வழியாக ஃபர்ஸ்ட் ஸ்டேஜுக்கே போய்விடும்.

செகண்ட் ஹேண்டில் வாங்குவது தப்பில்லை, முக்கியமாக மாற்று செட்டுக்கு. டின் மரைக்குள் எட்டிப் பாருங்கள், நடுவில் பொத்தான் மாதிரி வெண்கல ஃபில்டர் தெரியும். அது சாம்பல் கலந்த வெள்ளியாகவோ வெளிர் பொன்னாகவோ மங்கலாக இருந்தால் சரி. செம்பழுப்பு என்றால் உள்ளே துருப்பிடித்த இரும்புச் சிலிண்டரில் ஓடியிருக்கிறது. கறுப்பு என்றால் கம்ப்ரஸரின் கரித்தூளோ எண்ணெயோ. பஞ்சர் கடைக் கம்ப்ரஸரில் காற்று அடைத்தவருடையதாகக்கூட இருக்கலாம். பச்சை என்றால் தண்ணீர் உள்ளே போய் உலோகம் களிம்பேறியிருக்கிறது. பச்சையாக இருந்தால் விலை பேசவே வேண்டாம், ஒரு டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.